கோடி போடும் காட்சி

பிணமாகப் படுக்க ஆள் கிடைக்கவில்லை. காலையிலிருந்து அதுதான் தகராறு.

படம் எடுக்க வந்திருந்த சுகன்யா தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் படுத்தால் போதும், முகம்கூடச் சரியாகத் தெரியாது என்று கெஞ்சினாள். எதிர்வீட்டுக் காசியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, எப்படா நான் படுப்பேன்னு எங்க மருமவ ஏற்கெனவே பாத்துகினு கீறா. அவளுக்கு நீ ஒத்திகை வேற காட்டணுமா?" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரும் மறுத்துவிட்டார். உயிரோடு இருக்கிறவர்கள் உள்ளே படுத்து விளையாடிய பெட்டி என்று தெரிந்தால் நாளைக்கு எந்தச் சாவு வீட்டில் அதை உள்ளே விடுவார்கள் என்று கேட்டார்.

கடைசியில் கேமரா பார்க்கும் கனிமொழியே படுப்பதென்று முடிவாயிற்று. அவள் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றி, சுகன்யா வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்து நிறுத்தி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சுகன்யாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். பிறகு போய் பெஞ்சில் நீட்டிப் படுத்தாள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். நெற்றியில் காசு ஒட்டினார்கள். இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். "டைட்டா கட்டாதீங்க ஆன்ட்டி, நான் எழுந்து வந்து ஷாட் பாக்கணும்" என்று பிணம் சொன்னது.

சூர்யகலா பந்தலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. பைக்குள் அந்தப் புடவை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பெஞ்சில் யார் படுத்தால் என்ன, பொன்னம்மாள் என்று பெயர் சொல்லிப் படுக்க வைத்த உடம்பின் மேல் ஒரு தடவை, தன் கையால், அந்தப் புடவையைச் சாவுக் கோடியாகப் போர்த்திவிட வேண்டும். படத்துக்கு அவள் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

பொன்னம்மாளும் அவளும் ஒரே தறியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள். பொன்னம்மாளைச் செய்யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் ஒரே வருடத்தில் திரும்பி வந்தாள். யாரும் கேட்காத வாடகை வீடு ஒன்றைப் பிடித்து, சூர்யகலாவோடு தறி போட்டாள். பொன்னம்மாள் புடவையின் உடலை நெய்வாள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கரை நெய்ய நாடாக் கட்டையை வீசுவது சூர்யகலா. இரண்டு பேர் சேராமல் அந்தப் புடவை வராது என்பதால் அவர்கள் ஒன்றாக இருப்பதை ஆரணியில் யாரும் கேட்கவில்லை. தறிக்கு ஆள் வேண்டுமே என்று விட்டுவிட்டார்கள். ராத்திரிக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றியவர்கள் தங்களுக்குள் கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குப் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவையை வாங்கிக்கொண்டது பொன்னம்மாளின் தம்பி சந்திரமோகன்தான். பொன்னம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டு உடம்பு ஊதியபோது, பிறந்த வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்று ஆட்டோ வைத்து அழைத்துக்கொண்டு போனதும் அவர்தான். அதன் பிறகு சூர்யகலாவுக்கு அந்த வீட்டு வாசலோடு சரி. "தூங்கறாங்கம்மா, அப்புறம் வா" என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் செத்துப்போய்விட்டார்கள் என்று சேதி வந்தது.

அன்றைக்கு அவள் செய்த காரியத்தை ஊரில் எந்த நெசவுக்காரியும் செய்யமாட்டாள். கோடி புதுசாக இருக்க வேண்டும். தண்ணீர் படாததாக இருக்க வேண்டும். கடைக்கு ஓடியிருக்கலாம். அவள் கண்ணுக்குத் தறியில் பாதியில் நின்ற புடவைதான் தெரிந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. இரண்டு பேர் கையும் பட்டு நெய்தது. கத்திரிக்கோலை எடுத்து, முந்தி இல்லாமல், முழம் போதாமல், நடுப்பாவில் அறுத்து எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும் பாவை அறுக்க யாருக்கும் கை வராது. அவளுக்கு வந்தது.

சந்திரமோகன் அதைக் கையில் பார்த்ததுமே கண்டுகொண்டார். "என் பாவ அறுத்துகினு வந்து எங்க அக்காவுக்கே கோடியா? யாரும்மா நீ? போ வெளிய" என்று தோளில் கை வைத்துத் தள்ளினார். அவள் தெருவில் விழுந்தாள். பொன்னம்மாளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து சுகன்யா வந்தாள். சந்திரமோகனின் ஒரே மகள். சென்னையில் சினிமாவில் வேலை. சூர்யகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: "அத்தை, உங்க ரெண்டு பேர் கதையும் எங்க ரெண்டு பேர் கதையும் ஒரே படத்துல வரணும். எங்க குடும்பத்துல நான் முதல் ஆள் இல்ல, எனக்கு முன்னாடி பொன்னத்தை இருந்தாங்கன்னு உலகத்துக்குச் சொல்லணும்." எங்க ரெண்டு பேர் என்றபோது பக்கத்தில் நின்ற கனிமொழியைப் பார்த்தாள். கனிமொழி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவருக்குப் பட்டு நெசவு பத்தின படம், பொன்னத்தை சாவும் அதுல வருதுன்னு சொல்லியிருக்கேன்."

சூர்யகலா இந்த இரண்டு சின்னப்பெண்களையும் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள்.

படத்தில் எல்லாரும் அவரவராகவே நடிப்பது என்று சுகன்யா ஏற்பாடு. முதலில் நடந்ததை எடுப்போம், பிறகு நடந்திருக்க வேண்டியதை எடுப்போம் என்றாள். முதல் காட்சியில் அப்பா தள்ளுவார். இரண்டாவது காட்சியில் யாரும் தள்ளமாட்டார்கள். நீங்கள் நேராகப் போய் கோடி போடலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"அந்த அறுத்த புடவையே போடலாமா?"

"அதேதான் அத்தை போடணும்."

சந்திரமோகன் முதலில் மாட்டேன் என்றவர்தான். வெளிநாட்டில் எல்லாம் காட்டுவார்கள் என்று மகள் சொன்னதும் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார். முதல் தடவை தள்ளியபோது கை கூசியது. சூர்யகலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒன் மோர்ப்பா. வேகமா தள்ளுங்க. நிஜமா எப்படித் தள்ளினீங்களோ அப்படி."

அடுத்த தடவை அவள் கீழே விழுந்தாள். கை சிராய்த்தது. தெருவில் நின்றவர்கள், "சூப்பர்ணா!" என்று கத்தினார்கள். சந்திரமோகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் குரலில் ஒரு ஏற்றம், முகத்தில் ஒரு கோணல். யாரும்மா நீ என்பதை இழுத்து, நிறுத்தி, விரலை நீட்டிச் சொன்னார். கூட்டம் அவரோடு சேர்ந்து சொன்னது. காசியம்மாள், "அன்னிக்குக்கூட இவ்ளோ ஜோரா தள்ளலியேப்பா" என்றாள்.

சூர்யகலா விழுந்தாள், எழுந்தாள், மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பத் தெருமுனைக்குப் போய் நின்றாள். வலித்தது. ஆனால் அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இது முடிந்தால் கோடி போடும் காட்சி. பேருந்துக்கு நிற்கிறவள் வெயிலைத் தாங்கிக்கொள்வது போலத் தாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

சுகன்யாவுக்கு அதுதான் பேஜார். "அத்தை, நீங்க எதையோ நெனச்சிகினு விழறீங்க. அழுகை வரணும்."

"வரலியேம்மா."

சுகன்யா யோசித்தாள். அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னாள். அவர் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அடுத்த தடவை சூர்யகலா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். சந்திரமோகன் தள்ளவில்லை. கிட்டே வந்து, மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார்:

"எங்க அக்காவே சொல்லிட்டுத்தான் போச்சு. அவள உள்ள விடாதடா, எனக்கு அசிங்கமா இருக்குன்னு."

சூர்யகலா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் வந்தது, பிறகு இன்னொன்று. பொன்னு பொன்னு என்று தரையில் அறைந்தாள். பெஞ்சில் படுத்திருந்த கனிமொழியின் மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்ததை மட்டும் சுகன்யா கவனித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள்.

"கட்! கட்! அத்தை, என்ன அத்தை இது! பிரமாதம்." ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "மன்னிச்சிடுங்க அத்தை, அது நான் எழுதின வசனம். இப்பதான் எழுதினேன்."

சூர்யகலா மூக்கைத் துடைத்துக்கொண்டு சந்திரமோகனை நிமிர்ந்து பார்த்தாள். "அவ சொல்லலியே தம்பி?"

சந்திரமோகன் காசியம்மாள் நீட்டிய சோடாவை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்தார். "எழுதினது என் பொண்ணு. சரியாத்தான் எழுதிச்சி" என்றார்.

சூர்யகலா எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, பையிலிருந்து அரக்குப் புடவையை எடுத்துப் பிரித்தாள். அறுத்த ஓரத்தில் நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது. "சரி சுகன்யா. அடுத்தது எடு. நான் போட்டுடறேன்."

சுகன்யா அவள் கையைப் பிடித்தாள். "அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. இதோட படம் முடிஞ்சிடுச்சி. இந்த அழுகைக்கு அப்புறம் நீங்க போய் கோடி போட்டீங்கன்னா, பாக்கறவங்களுக்கு மனசு ஆறிப்போயிடும். ஆறக்கூடாது. நடந்தது நடந்ததாவே இருக்கட்டும்."

"போடலாம்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப படத்துக்கு அது வேணாம் அத்தை."

"கேமரா வேணாம். சும்மா போட்டுக்கறேன். தோ, அந்தப் பொண்ணு இன்னும் எழுந்துக்கல. ஒரு நிமிஷம்."

சந்திரமோகன் குறுக்கே வந்து நின்றார். இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை. நடித்து நடித்து வந்த மிடுக்கு மட்டும் உடம்பில் மிச்சமிருந்தது. "அன்னிக்கும் போடல, இன்னிக்கும் போட வேணாம். என் வாசல்ல கூடப் பொறந்தவங்க, கட்டினவங்க போடற கோடி அது. கூடப் படுத்தவ போடறதில்ல. ஜல்தியா கெளம்பு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சூர்யகலாவுக்கு இத்தனை வருடத்தில் கோபம் வந்து பழக்கமில்லை. வந்ததும் அதை என்ன செய்வது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைக்கு எட்டியதை எடுத்து வீசினாள்.

"அப்ப உன் பொண்ணுக்கு நாளைக்கு யாரு போடறதுன்னு கேட்டு வெச்சிக்க தம்பி. சென்னையில யார்கூட ஒரே வீட்ல, ஒரே பாயில இருக்கறான்னு கேளு. பொன்னுவும் நானும் எப்படியோ அப்படித்தான். வேற எங்கயும் தேட வேணாம். தோ, உன் பெஞ்சு மேல கண்ண மூடிகினு படுத்திருக்கறாளே, அவதான்."

கனிமொழி கண்ணைத் திறந்தாள்.

சந்திரமோகன் கத்தவில்லை. பெஞ்சைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "யாருடி இவ?" என்றார்.

தெரு முழுக்க நின்றிருந்தது.

"கேமரா பாக்கறவங்கப்பா."

"ஒரே வீடாமே?"

"வாடகைய பிரிச்சிக்கறோம். அவ்ளோதான். படம் முடிஞ்சா அவங்க யாரோ, நான் யாரோ. அத்தைக்கு மனசு சரியில்ல, என்னென்னவோ சொல்றாங்க."

பிசிறில்லாமல், ஒரு மூச்சில் சொன்னாள். அந்தக் குரலை சூர்யகலா உற்றுக் கேட்டாள். அதே வீடு, அதே மனிதர். உள்ளறையில் பொன்னம்மாள் ஊதிய முகத்தோடு படுத்திருக்க, வாசலில் நிற்கிறாளே யாருக்கா அவ உனக்கு என்று இதே தம்பி இதே போலக் கேட்டிருப்பான். கூட தறி போடறவடா, வேற யாரும் இல்ல என்று பொன்னம்மாள் சொல்லியிருப்பாள். இப்போது அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரும் எழுதிக் கொடுக்காமலே சொல்லியிருப்பாள்.

கனிமொழி எழுந்திருக்கப் பார்த்தாள். கால் விரல் கட்டு விடவில்லை. குனிந்து முடிச்சை அவிழ்க்க முயன்றாள். நகம் நழுவியது. யாரும் கிட்டே போகவில்லை. சுகன்யாவும் போகவில்லை. நெற்றிக் காசு மடியில் விழுந்தது, அதை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூக்குப் பஞ்சைப் பிடுங்கினாள். ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்ததும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சூர்யகலாவைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"உங்ககிட்ட சொன்னதுதான் எங்க தப்பு. திருப்தியாம்மா?"

பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று காசியம்மாளைக் கேட்டாள். காசியம்மாள் வாயைத் திறக்காமல் கையைக் காட்டினாள்.

அவள் போனதும் சந்திரமோகன் பெஞ்சின் பக்கம் கையை நீட்டினார். குரல் தணிந்திருந்தது. "போடணும்னுதானே இவ்ளோ பண்ண? போடு. தடுக்கல. போட்டுட்டுப் போ."

சூர்யகலா புடவையோடு நின்றாள். வெறும் பெஞ்சு. ஒரு காசு, கொஞ்சம் பூ. கூட்டம் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம். போனால் இந்தப் புடவையை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது?

அவள் போட்டாள். தலைமாட்டிலிருந்து விரித்தாள். பாதிக்கு மேல் எட்டவில்லை. கீழே பலகை தெரிந்தது. சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பின்னால் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுகன்யா முழங்கையால் கண்ணைத் துடைத்தபடி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கட் சொன்ன பிறகும் அதை யாரும் அணைக்கவில்லை. சுகன்யா குனிந்து அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

சூர்யகலா திரும்பினாள்.