பாஹோ, பாஹா

அக்காவுக்கு ஸ்பானிஷில் மற்றதெல்லாம் ஓரளவு வந்துவிட்டது. உயிரை வாங்கியவை மேலே, கீழே, உள்ளே என்கிற துக்கடாச் சொற்கள்தான். 'பெட்டிக்கு அடியில்' என்று நாம் பெட்டியை முதலில் சொல்வோம். அந்த மொழியிலோ 'அடியில்' முந்திக்கொண்டு நிற்க வேண்டுமாம். வாய் கேட்டால்தானே!

பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவருக்கு அந்த மொழி ஒன்றுதான் தெரியும். மீசை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அவருக்கு, கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்வது அக்காவின் வேலை.

அன்று ஒரு பெரிய இயந்திரம் இடுப்புயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்க வேண்டிய மரக்கட்டை கோணிக் கிடந்தது. அக்கா தடுப்பதற்குள், அங்கேயே வேலை பார்க்கும் அவளுடைய தம்பி அதை நேராக்க அடியில் தவழ்ந்து போய்விட்டான்.

"டேய், அறிவிருக்கா உனக்கு? வெளிய வாடா!"

"இதோ முடிஞ்சிருச்சுக்கா. சும்மா கத்தாத."

தம்பி எங்கே என்று மேலிருந்து மீசை கேட்டார். அக்கா பதறிப்போய்ப் பதில் சொன்னாள்.

"கார்கா பாஹோ!"

கார்கா என்றால் பாரம், பாஹோ என்றால் அடியில். பாரத்துக்கு அடியில் என்றுதான் பாவம் சொன்னாள், ஆனால் தமிழ் வரிசையில் சொல்லித் தொலைத்தாள். பாஹோ முன்னால் வந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். வால்பக்கம் வந்ததை அந்த இரைச்சலில் 'பாஹா' என்று எடுத்துக்கொண்டார். பாஹா என்றால் இறக்கு.

சங்கிலி கடகடத்தது. இயந்திரம் இறங்கத் தொடங்கியது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!"

படித்த ஸ்பானிஷில் ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரக்கூடாதா? வரவில்லை. தம்பியின் கால்சட்டை கட்டையில் மாட்டிக்கொண்டது. அவன் அதை வெறிபிடித்தவன்போல இழுத்துக்கொண்டிருந்தான். அக்கா ஓடிப்போய்த் தானும் அந்தப் பாரத்துக்கு அடியில் புகுந்தாள்.

அவள் புகுந்ததை மீசை மேலிருந்து பார்த்துவிட்டார். இயந்திரம் அவர்கள் முதுகுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

இருவரும் ஊர்ந்து வெளியே வந்தபோது மீசை ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தம்பி பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"கொல்லப் பாத்தியாய்யா என்னை?"

மீசை அக்காவைக் காட்டி ஏதோ சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"என்னக்கா உளர்றான் இவன்?"

ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லிவிடலாம். தம்பி அதை நம்புவான்.

"அவரை விடுடா," என்றாள் அக்கா. "உன் மேல இறக்கச் சொன்னது நான்தான்."