தொட்டிலில் கிடந்த சுங்குடி

“நாள் முழுக்க ஒச்சாயி அத்தைய நாந்தானே பாத்துக்கிறேன்? அப்புறம் அவுகளுக்கு எதுக்குக் கூலி?”

நான்கு வயதுத் தவசி இப்படித் தன் தாயிடம் ஒருநாள் கேட்டான். சீனியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் மதுரை மில்லொன்றில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறவள். காலையில் சங்கு ஊதுவதற்குள் தவசியையும் கைக்குழந்தை ஜெயக்கொடியையும் ஒச்சாயி வீட்டில் விட்டுவிட்டு ஓடுவாள். கோச்சடையில் அந்தத் தெருவிலிருந்து மில்லுக்குப் போகும் பெண்கள் எல்லாருடைய பிள்ளைகளும் ஒச்சாயி வீட்டில்தான் வளர்ந்தன. ஒச்சாயி அவள் புருஷனுக்கு அக்காள் முறை.

அந்த வாரக் கூலியைக் கொடுக்கும்போது மகன் கேட்டதைச் சீனியம்மாள் சொன்னாள்.

“சரியாத்தேன் கேட்டிருக்கான். நேத்து நான் கண்ணசந்தப்ப, கஞ்சிய நாய் குடிக்குதுன்னு எழுப்பிவிட்டது இவந்தான்” என்றாள் ஒச்சாயி. “குடிச்சு முடிச்சப்புறம் எழுப்புனான். அதனால அரைக் கூலி.” அன்று தவசிக்கு ஒரு கை பொரிகடலை கிடைத்தது.

“இப்படி வாங்குறதையெல்லாம் பிள்ளைகளுக்கே குடுத்துட்டா உங்களுக்கு என்ன மதினி மிஞ்சும்?”

“நீ ஒருத்தி மிஞ்சுற, தினம் வந்து கேள்வி கேக்க. போடி, பால் கட்டிக்கிட்டு நிக்கிற. பிள்ளையத் தூக்கு.”

சில நாட்களில் சமயநல்லூரிலிருந்து ஒச்சாயியின் அண்ணன் முத்திருளன் வந்தார். பெரியவளான அவர் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். அத்தைமாரில் மூத்தவள் முதல் தண்ணீர் ஊற்றுவது அந்தக் குடும்பத்து வழக்கம். மூத்தவள் ஒச்சாயி. ஆனால் அவளோ வர முடியாது என்றுவிட்டாள்.

“இம்புட்டு உருப்படிகளையும் யாருகிட்ட விட்டுட்டு வர?”

“அன்னைக்கு நான் வேலைக்குப் போகல மதினி. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்” என்றாள் சீனியம்மாள்.

ஒச்சாயி அவளை முறைத்தாள். “வண்டி குலுங்குனா எனக்கு இடுப்பு விட்டுரும்.”

“வைக்கோல் போட்டு மெத்தையாக் கொண்டாரேன் தாயி” என்றார் முத்திருளன்.

“வைக்கோலு அரிக்கும்.”

“அரிப்போட வா. வெள்ளிக்கிழமை விடிய வண்டி வந்து நிக்கும். நீ ஏறலேன்னா பிள்ள தலையில தண்ணி விழாது, சொல்லிப்புட்டேன்” என்று அவர் கோபத்துடன் போய்விட்டார்.

சிறு பெண்ணைப் போல ஒச்சாயி சாக்குச் சொன்னது சீனியம்மாளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஆனால் அண்ணன் போன திசையையே ஒச்சாயி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேடிக்கையாக இல்லை.

மறுநாள் மாலை ஒச்சாயி தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் ஜெயக்கொடி தொட்டிலை நனைத்துவிட்டாள். அலசிப் போடலாமென்று சீனியம்மாள் தொட்டிலை அவிழ்த்தாள். பெற்றவள் சேலையில்தான் பிள்ளை தூங்க வேண்டும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. அவளும் தன் பழைய சேலையைத்தான் கொடுத்திருந்தாள். அது வெளிச்சுற்றில் மட்டும் கந்தலாகத் தொங்கியது. உள்ளே குழந்தையைத் தாங்கிக் கிடந்தது அரக்கு நிறச் சுங்குடி. ஒச்சாயி நல்லநாள்களுக்கெல்லாம் கட்டுகிற ஒரே சேலை.

“உன் சேலை கிழிஞ்சு பாப்பா கீழ விழப் பாத்துச்சு. அத்தை இதக் கட்டிட்டாக. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதாம்” என்றான் தவசி. சொல்லிவிட்டோமே என்று உடனே வாயையும் பொத்திக்கொண்டான்.

சீனியம்மாள் தொட்டிலை இருந்தபடியே கட்டிவைத்தாள். வண்டி குலுங்கினால் நோகும் இடம் இடுப்பு அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது. கட்டியிருக்கும் நைந்த சேலையோடு அண்ணன் வீட்டுச் சபையில் ஒச்சாயி எப்படி முன்னே நிற்பாள்?

வீட்டில் கணவன் நல்லகாமனிடம், “ஒரு புதுச்சேலை எடுத்துக் குடுத்துருவமா?” என்று கேட்டாள்.

“குடு. அதுக்கு அக்கா திருப்பிச் செய்வா. நம்ம வீட்டுக் காதுகுத்துக்குச் சேலையும் எடுத்து, ஆட்டுக்கிடாயும் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பா. கடன் வாங்கியாச்சும் செய்வா. உபகாரம்னு நெனச்சு அவ தலையில கல்லத் தூக்கி வைக்காதே.”

“அப்ப என்னதான் செய்றது?”

“அவ சேலைய அவகிட்டக் குடுத்தா அது செய்முறையாகாதுல்ல?”

“அப்பப் பிள்ளை எதுல தூங்கும்?”

நல்லகாமன் தலையைச் சொறிந்தான். சித்திரைத் திருவிழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியை எடுத்து வந்தான். “பெத்தவ சேலைதான் ஆகும்னு சாமி வந்து சொல்லுச்சா? அப்பன்னு ஒருத்தன் இருக்கிறதும் பிள்ளைக்குத் தெரியட்டுமே. அழகரு என் வேட்டியப் பாக்கவா ஆத்துல எறங்குறாரு?”

மறுநாள், “தொட்டில் நாறுது மதினி, நானே தொவைச்சுத் தாரேன்” என்றாள் சீனியம்மாள். ஒச்சாயி பதறி, “நாறட்டும்! ஒம்பிள்ளை வாசனைதானே!” என்று தொட்டிலை மறைத்து நின்றாள். ஆகவே அன்று மாலை அவள் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, வேட்டியைத் தொட்டிலாக மாற்றிக் கட்டி, கந்தலை மேலே சுற்றிவிட்டு, சுங்குடியை மடியில் மறைத்துச் சீனியம்மாள் எடுத்துவந்தாள். அலசினாள், கஞ்சி போட்டாள், உலர்த்தினாள், மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் ஒச்சாயி வைகைக்குக் குளிக்கப் போனாள். அவள் கணவர் மலைச்சாமி தோட்டக் காவலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. சீனியம்மாள் படலைத் திறந்து உள்ளே போனாள். கொடியில் சுங்குடியைப் போட்டாள். மடிப்பு மிக அழகாக இருந்தது. அவளே அதைக் கொஞ்சம் கசக்கி, எப்போதும் அங்கேயே கிடந்த சேலைபோல ஆக்கினாள். பிறகு சுவரிலிருந்த மீனாட்சி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறினாள்.

ஒச்சாயி குளித்துத் திரும்பிய சிறிது நேரத்தில் வண்டி மணி கேட்டது. தன் வீட்டுச் சுவருக்கு இப்புறம் நின்றபடி அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“இடுப்பு வலின்ன?” என்றது முத்திருளன் குரல்.

கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க வண்டியில் ஏறும் சத்தம் வந்தது. பிறகு ஒச்சாயியின் குரல் கேட்டது.

“இடுப்பு அது பாட்டுக்கு வலிக்கட்டும்ணே. மொதத் தண்ணி யாரு ஊத்துறது? மாட்டப் பத்து!”

வண்டி நகர்ந்தது. சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருப்பிள்ளைகள் எல்லாருக்கும் கஞ்சி வைக்க உள்ளே போனாள்.