பதினெட்டு மீட்டர்

பாவ்ஜுவின் செருப்பைக் கணவர் ஜின்ஃபா பூஜை மேடையில், முன்னோர் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

"குடுங்க. அக்காவுக்குக் கஞ்சி ஆறுது."

"நேத்து லாரி உன் பையைப் புடுங்கிட்டுப் போச்சு. இன்னிக்குக் கையையும் சேத்துக் கேக்கும். பேசாம உக்காரு."

அக்கா மெய்யுன் எதிர்வீட்டில் படுத்த படுக்கை. முன்பெல்லாம் பாவ்ஜு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் போதும், அங்கிருந்து அக்கா திட்டுவாள். போன வசந்தத்தில் தெருவைப் பதினெட்டு மீட்டருக்கு அகலப்படுத்தினார்கள். எதிர்ச்சாரி வெளிநாடாகிவிட்டது. கடக்கும் கோடு நானூறு மீட்டர் தள்ளி இருந்தது. அதை வண்டிக்காரர்கள் அலங்காரக் கோலமாகவே மதித்தார்கள்.

வார்டு தலைவர் லுவோ, திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர். அவரிடம் பாவ்ஜு மூன்று முறை மனு கொடுத்தாள்.

"வாசல்ல ஒரு கோடு போடுங்க தலைவரே."

"கோடு போட்டா வண்டி நிக்கும்மா. வண்டி நின்னா அப்புறம் ரோடு எதுக்கு?"

லுவோ இரக்கமில்லாதவர் அல்லர். அந்த ரோட்டில் அடிபட்டுச் செத்த மூன்று பேரின் ஆவிகளுக்கு, செத்தவர்கள் திரும்பி வரும் ஏழாம் மாதத்தில், வாத்து, பீர், பிஸ்கட் எல்லாம் அடுக்கிப் படையல் போட்டார். உயிரோடிருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

செருப்பு கிடைக்காத அன்று மாலையே அக்கா போய்விட்டாள்.

சாவுக்கு ரோட்டை அடைக்க அனுமதி கேட்கும் மனு ஒரே பக்கம். மறுநாளே போலீஸ் முத்திரை விழுந்தது. ஊர் வழக்கப்படி துக்கப் பந்தலை ரோட்டிலேயே, பாதி அகலத்தை அடைத்துப் போட்டார்கள். லாரிகள் ஊர்ந்தன. ஹாரனை ஒருவனும் தொடவில்லை. பாவ்ஜு வெறுங்காலோடு கஞ்சிக் கிண்ணத்தை ஏந்தி, நிதானமாகக் கடந்து போய் அக்காவின் படத்துக்கு முன் வைத்தாள். இரண்டு சாரிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இறந்தவளுக்காக எரிக்கும் காகிதத் தாமரை மடித்தார்கள். எட்டு மாதம் முன்பு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் பேரன் பிறந்த செய்தி அன்றுதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் லுவோ வந்தார். "பந்தலைப் பிரிக்கணும்மா. அனுமதி நேத்தோட சரி."

"தெரியும் தலைவரே. இந்தாங்க, அடுத்த பந்தலுக்கு மனு."

இறந்தவர் பெயர்: சென் பாவ்ஜு. முகவரி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. தேதி மட்டும் காலி.

"என்னம்மா இது, அபசகுனமா?"

"உசுரோட கேட்டா நீங்க படிக்கவே மாட்டேங்கறீங்க. தேதியை உங்க ரோடு போட்டுக்கட்டும்."

லுவோ படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பந்தலுக்குள், ஜின்ஃபா இன்னொரு காலிப் படிவத்தை விரித்துவைத்து, யாரிடமோ பேனா கேட்டார்.