கர்னல் குடிக்காத காபி

சல்மீனைப் பார்க்கப் போகிற வக்கீல் வெறுங்கையோடு போகக் கூடாது. குவாண்டனாமோ சிறை முகாமில் எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். அன்று நான் வறுத்த கோழியும் பேரீச்சம்பழமும் ஃபிளாஸ்க் நிறைய ஏலக்காய்க் காபியும் கொண்டு போயிருந்தேன். வாங்கி வந்தது நான் என்றாலும் விருந்து வைப்பவர் சல்மீன்தான். அவர்தான் பரிமாறுவார், அவர்தான் வற்புறுத்துவார். ஒரு கால் மட்டும் தரையில் பதித்த இரும்பு வளையத்தில் பூட்டியிருக்கும்.

சல்மீன் ஏமன்காரர். அமெரிக்கப் போர்க்கப்பலைத் தகர்த்த கும்பலுக்குப் படகு வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. வாங்கியதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாகியும் விசாரணை தொடங்கவே இல்லை. இப்போது அரசுத் தரப்பு ஒரு பேரம் பேசியது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் பத்து வருஷத் தண்டனை, பிறகு ஓமானில் இருக்கும் மகளிடம் போகலாம். அந்தப் பத்து, கையெழுத்துப் போடும் நாளிலிருந்துதான் தொடங்கும்.

"அப்போ இத்தனை வருஷமா இங்க என்ன பண்ணேன் வக்கீலம்மா? லீவுக்கு வந்திருந்தேனா?"

"கையெழுத்துப் போடலைன்னா இன்னும் இழுப்பாங்க, சல்மீன். நிரபராதின்னு தீர்ப்பு வந்தாக்கூட வெளிய விடுவாங்கன்னு சொல்ல முடியாது."

"ஜெயிச்சாலும் உள்ள, தோத்தாலும் உள்ள. ஒப்புக்கிட்டாத்தான் வெளிய. நல்லா இருக்கும்மா உங்க கோர்ட்டு!"

அந்த நேரம் பார்த்து அரசு வழக்கறிஞர் கர்னல் விட்கோம் உள்ளே வந்தார். அவருடைய விமானம் மாலையில் கிளம்புகிறது. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் பேரம் ரத்து.

"வாங்க கர்னல், உக்காருங்க! எழுந்து வரவேற்கலைன்னு தப்பா நினைக்காதீங்க. என் காலுக்கு இந்த வீட்டை விட்டுப் பிரிய மனசில்ல" என்று சல்மீன் காபியை ஊற்றி நீட்டினார்.

கைதியிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது கர்னலின் கொள்கை. மறுத்தால் மரியாதையில்லை என்பதும் தெரியும். கோப்பையை வாங்கி, குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

சல்மீனின் முகம் மலர்ந்தது. "அடடே! என்ன வேணும் உங்களுக்கு? கேளுங்க."

கர்னல் விழித்தார். நான்தான் விளக்கினேன். "அவங்க ஊர்ல விருந்தாளி காபியைக் குடிக்காம கீழ வெச்சா, வீட்டுக்காரர்கிட்ட ஏதோ கேக்க வந்திருக்கார்னு அர்த்தம். முடிஞ்சதுன்னா வீட்டுக்காரர் செஞ்சே ஆகணும். அப்புறம்தான் விருந்தாளி குடிப்பார்."

கர்னல் சும்மா விடுவாரா? "அப்படின்னா கையெழுத்துப் போடுங்க. செத்துப்போன மாலுமிகளோட குடும்பங்க கேக்குற கேள்விக்கு நேர்ல பதில் சொல்லுங்க."

சல்மீனின் சிரிப்பு அடங்கியது. சொந்த வழக்கமே அவரை மடக்கிவிட்டது. "பதில் சொல்றேன். அது நான் பட்ட கடன்" என்றார் மெதுவாக. பேனாவையும் எடுத்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து இந்த மனிதர் எந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போவார்?

"ஒரு நிமிஷம் சல்மீன். இது யார் வீடு?"

அவர் என்னைப் பார்த்தார். கர்னலைப் பார்த்தார். கால் வளையத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே போட்டு, தான் இன்னும் குடிக்காத காபிக் கோப்பையை எடுத்து கர்னலுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

"இருபது வருஷத்துக்கு மேல இந்த வீட்டு விருந்தாளி நான். என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கலையே கர்னல்!"

கர்னல் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார்.

"சரி, என்னய்யா வேணும்?"

"இங்க இருந்த வருஷத்தைக் கணக்குல சேத்துக்கோங்க. அவ்வளவுதான்."

"செத்தவங்க வீட்டுல நான் என்ன சொல்றது?"

"நீங்க ஏன் சொல்லணும்? நான்தான் நேர்ல நிக்கப் போறேனே. திட்டுனாலும் கேட்டுக்கறேன்."

கர்னல் எழுந்து வெளியே போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். வாசலில் கிடந்த உடும்பு மிரண்டு ஓடுகிற அளவுக்குக் கத்தினார். எங்களுக்காக அந்த மனிதர் கத்தி அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வந்தவர் முகம் வேர்த்திருந்தது. "பழைய வருஷங்க சேரும். ஆனா குடும்பங்க எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் இருக்கணும். அடுத்த வருஷம் ஓமான்."

"இது நியாயமா?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"இல்லம்மா" என்றார் சல்மீன், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ஆனா இதுக்கு ஒரு முடிவு இருக்கே."

கர்னல் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணியது.

"இன்னும் கொஞ்சம்?" என்று ஃபிளாஸ்க்கை நீட்டினார் சல்மீன்.