பேராச்சியின் பத்து விரல்

குதிகாலில் யாரோ ஆணியை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது பேராச்சிக்கு. ஆறரைக்குத் தாராவியில் பஸ் ஏறியவள், எட்டு மணிக்கு விசா சென்டர் வரிசையில் வந்து நின்றாள். இப்போது பதினொன்று. கால் மாற்றி நின்றால் வலியும் கூடவே மாறிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏசி அறையில், மெத்தை வைத்த நாற்காலிகள் சும்மா கிடந்தன. அதில் உட்கார இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தனியாகக் கட்ட வேண்டுமாம். "பிரீமியம்" என்றான் வாசல் காவலாளி, அவன் அப்பன் செய்து போட்ட நாற்காலி மாதிரி.

கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பாஸ்போர்ட்டும் காகிதங்களும். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சவூதியில் தம்மாமிலிருந்து மருமகன் கணேசபாண்டியன் அனுப்பியது, ஏஜென்ட் ஜெயராம் அச்செடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அங்கே மகள் மாரிசெல்விக்கு வயிற்றில் எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஆறாவது மாதத்தில் மும்பைக்கு அழைத்து வந்துவிடலாம் என்றிருந்தார்கள். அதற்குள் ரத்தம் பட்டுவிட்டது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணேசபாண்டியன் ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். போக வர சேர்த்துப் பதினான்கு மணி நேரம் வெளியே இருப்பான். இரண்டு வருடத்துக்கு முன் முதல் பிள்ளை அப்படித்தான் போனது. அவன் சாயந்தரம் வந்து கதவைத் திறக்கும்வரை மாரிசெல்வி குளியலறைத் தரையில் கிடந்தாள். அதை அவள் பல மாதம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னாள்.

"இந்தத் தடவ நான் பக்கத்துல இருப்பேன் மக்கா" என்று பேராச்சி சொல்லியிருந்தாள். பிப்ரவரி இருபதாம் தேதி என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். பதினொன்றுக்கு டிக்கெட். இன்று ஜனவரி இருபத்தெட்டு.

பதினொன்றரைக்கு உள்ளே விட்டார்கள். முதல் கவுண்டரில் இருந்தவன் போட்டோவைச் சுண்டிவிட்டுத் திருப்பித் தள்ளினான்.

"யே நை சலேகா."

"க்யூன் நை சலேகா? தாராவி லேபர் கேம்ப்ல சாலீஸ் ரூப்யா குடுத்து எடுத்தது."

நாற்பது ரூபாய்ப் போட்டோ செல்லாதாம், பின்னால் வெள்ளை போதாதாம். அவர்களே ஒரு மூலையில் போட்டோ எடுக்கிறார்கள், முந்நூறு ரூபாய். அங்கே போய் நின்றாள். முகம் அதே முகம். வெள்ளையும் அதே வெள்ளை. முந்நூறு ரூபாய் வாங்கியதும் அது செல்லுபடியாகிவிட்டது.

அடுத்து விரல் ரேகை. சட்டையில் 'சாதனா' என்று பெயர் குத்தியிருந்த பெண் ஒரு சின்ன கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். நாலு விரலை வைத்தாள் பேராச்சி. சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அந்தப் பெண் எழுந்து வந்து தன் கையால் அவள் கையை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

"ஆன்ட்டி, காம் க்யா கர்தே ஹோ?"

"சம்டே கா காம்." தோல் வேலை என்றாள்.

இருபத்திரண்டு வருடமாகத் தாராவி தோல் கார்கானாவில் பெல்ட் ஒட்டுகிறாள். பசையை விரலால்தான் தடவ வேண்டும், பிரஷ்ஷால் தடவினால் ஓரம் பிரியும் என்பான் முதலாளி சேட். பொழுது சாய்ந்ததும் தின்னரில் கையை முக்கிப் பசையை உரிக்க வேண்டும். பசையோடு தோலும் கொஞ்சம் போகும். இருபத்திரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என்ன மிஞ்சும்? விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக, ஊடே ஊடே வெடித்துக் கிடந்தது. பத்தில் நாலு விரல்தான் பதிந்தது.

"தஸ் சாஹியே" என்றாள் சாதனா. பத்தும் வேண்டும். ஒரு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

ஜெயராமின் டிராவல்ஸ் லேபர் கேம்ப்பில் ஒரு மொபைல் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் இருந்தது. ஊர்க்காரன், பக்கத்துத் தெரு. அதனால்தான் அவனிடம் போனாள். வாய் நிறைய குட்கா. பேசுவதற்கு முன் மேசைக்கு அடியிலிருந்த பிஸ்லேரி பாட்டிலை எடுத்து அதில் துப்புவான், மூடியைத் திருகுவான், அந்த விரலாலேயே பாஸ்போர்ட்டைப் புரட்டுவான். பாட்டிலில் பாதி நிறைந்திருந்தது.

"மயினி, டென்ஷன் எடுக்காதீய. ஆறாந்தேதி டோக்கன் போட்டாச்சு. பதினொண்ணு பிளைட்டு. நடுவுல அஞ்சு நாள் இருக்கு. விசா பட்டுன்னு அடிச்சிருவான்."

"அடிக்கலன்னா? டிக்கெட்டத் தள்ளிப் போடலாம்லா?"

"அது குரூப் டிக்கெட்டு மயினி. தேதி மாத்த முடியாது, கேன்சல் பண்ணுனா காசு வராது. அதான் முப்பத்தோராயிரத்துக்குக் கெடைச்சுது."

"விசா வராம எதுக்குத் தம்பி டிக்கெட்டு எடுத்த?"

"டிக்கெட்டக் காட்டுனாத்தான விசா குடுப்பான்."

விசா சென்டரில் யாரும் டிக்கெட்டைக் கேட்கவே இல்லை. அதை அவள் சொன்னதும் ஜெயராமுக்கு அவசரமாகத் துப்ப வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவள் தின்னரில் கை வைக்கவில்லை. சேட் பெட்டி மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டு, கூலியில் நூறு ரூபாய் குறைத்தான். இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள், அடுத்த நாள் வாசலின். வெடிப்பு மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், கார்கானாவில் அவளுக்கு அடுத்த பலகையில் உட்காருகிற விஜயலக்ஷ்மி ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"கையக் காட்டுட்டி. வெடிப்புக்கு இதவிட மருந்து கெடையாது. சூட்ட இழுக்கும், தோலு இறுகும். ரேகை கெணத்துத் தண்ணியில தெரியுத மாதிரி தெரியும் பாரு."

மருதாணி. ஸ்டேஷன் சுவர் ஓரத்துச் செடியில் பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து அம்மியில் மையாக அரைத்திருந்தாள்.

"விசாக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

"அவனுக்கு என்ன, அவன் பொண்டாட்டி கைக்கா போடுதோம்? மவ பேறுகாலத்துக்குப் போறவ வெறுங்கையோடவா போவ? தம்மாம்ல இறங்குனதும் உன் கையப் பாத்தே அவளுக்குப் பாதி வலி போயிரும்."

பத்து விரலுக்கும் தொப்பி வைத்தாள். விரல் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பேராச்சிக்கு விஜயலக்ஷ்மிதான் சோறு பிசைந்து ஊட்டினாள், மூக்கு அரித்தபோது சொறிந்தும் விட்டாள். "இனிமே வேற எங்கயாவது அரிச்சா நான் பொறுப்பில்ல" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சாயந்தரம் கழுவியபோது நுனி பத்தும் பழுத்த இலந்தை மாதிரி சிவந்திருந்தது. விஜயலக்ஷ்மி சொன்னது பொய்யில்லை, வெடிப்பு மூடிக்கொண்டுதான் இருந்தது. பேராச்சி வீடியோவில் கையை விரித்து மகளுக்குக் காட்டினாள். மகள் அங்கே தன் வெறுங்கையை விரித்துக் காட்டி, "எனக்கும் வந்து வச்சுவிடும்மா" என்றாள்.

ஆறாம் தேதி. அதே வரிசை, அதே காவலாளி. சாதனா அவள் கையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது? மருதாணி இருந்தா ரேகை எடுக்கவே கூடாதுன்னு ரூல். அதோ எழுதி ஒட்டியிருக்கே."

சுவரில் ஒட்டியிருந்தது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும், கீழே அரபியிலும். மருதாணி வைத்த கைக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு போட்ட படமும் இருந்தது. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தது சிவப்பு விளக்கை.

"நீ தமிழாம்மா?"

"ஆமாம்மா, மாட்டுங்கா தமிழ்தான்" என்றாள் சாதனா, குரலைத் தாழ்த்தி.

"அன்னைக்கு ஹிந்தியில பேசுன?"

"இங்க தமிழ் பேசினா மேனேஜர் திட்டுவார்."

"இத அன்னைக்கே தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் மேனேஜரு உன்னத் தூக்கிலயா போட்டிருவான்?"

அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். கழுத்தில் டை கட்டிய ஒருவன் வந்தான். சாக்கடையில் மிதக்கிற எதையோ பார்ப்பது போல இரண்டு விரலால் பேராச்சியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "நெக்ஸ்ட்" என்றான். பேராச்சி தானாகவே கண்ணாடி மேல் கையை வைத்தாள். வைத்து அழுத்தினாள். சிவப்பு. பின்னால் நின்ற ஆள் இருமினான்.

"கலர் முழுக்கப் போகணும்மா. மூணு வாரம் ஆகும். அப்புறம் புது டோக்கன் போட்டுண்டு வாங்கோ" என்றாள் சாதனா, முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் தேய்த்தாள். அது போகாமல் பிளீச்சிங் பவுடர் தேய்த்தாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்தாள். கடைசியில் கார்கானாவிலிருந்து ஒரு டப்பா தின்னர் வாங்கி வந்து கையை முக்கினாள். மருதாணி தோலுக்குள் இறங்கியிருந்தது. தோலை எடுத்தால்தான் அது வரும். எடுத்தாள். மூன்றாம் நாள் விஜயலக்ஷ்மி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன செருப்பால அடி பேராச்சி. நாந்தான வச்சேன்."

"நான்தான கைய நீட்டுனேன். அடிக்கணும்னா அந்தத் துப்புற நாய அடிக்கணும். இருவது வருசமா ஆள அனுப்புதான், இது அவனுக்குத் தெரியாதா?"

பதினொன்றாம் தேதி பிற்பகல் விமானம் போய்விட்டது. அந்த நேரத்தில் அவள் கார்கானாவில் இருந்தாள். பெட்டி மடிக்கிற வேலை முடிந்துவிட்டது, பெல்ட் ஒட்டு என்று சேட் சொல்லிவிட்டான். பச்சைப் புண்ணில் பசை பட்டபோது உயிர் போனது. அந்தக் காலி சீட்டுக்கு முப்பத்தோராயிரம் ரூபாய். எச்சில் நிறைந்த ஒரு பாட்டிலுக்குக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பதினைந்தாம் தேதி காலை பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஜெயராமிடம் போனாள். ஏறாத டிக்கெட்டில் ஏர்போர்ட் வரிப் பணமாவது திரும்பக் கிடைக்கும் என்று கார்கானாவில் ஒருவன் சொல்லியிருந்தான்.

"கெடைக்கும் மயினி, கெடைக்காதுன்னு யாரு சொன்னா? பிராசஸ் இருக்கு. மூணு மாசம் ஆவும். அதுல என் சர்வீஸ் சார்ஜு போவ..."

"ஏலே ஜெயராமு. மருதாணி வைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது எல்லாருக்கும் தெரியும்லா."

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

"நீங்க கேக்கலியே மயினி."

துப்பினான். மூடியைத் திருகினான். அந்தப் பாட்டிலைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க ஒரு நொடி ஆகாது. கை எழுந்தது. அப்போது போன் அடித்தது. மாரிசெல்வி.

"அம்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "பொம்பளப் புள்ளம்மா. ரெண்டேகால் கிலோ. நல்லாருக்கா."

பேராச்சி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் காது அடைத்துக்கொண்டது. பிறகுதான் மகள் சொல்வது வார்த்தை வார்த்தையாக விழுந்தது. நேற்றுக் காலை பத்து மணிக்கே தண்ணீர் உடைந்துவிட்டது. கணேசபாண்டியனுக்குப் போன் போகவில்லை, கிடங்குக்குள் சிக்னல் கிடையாது. தரையில் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மலையாளத்துப் பொம்பளை, இதுவரை ரெண்டு தடவைதான் பேசியிருக்கிறார்கள். அவள்தான் வண்டி பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, புருசனை உள்ளே விடாத அறையில் ராத்திரி முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் ஆபரேஷன்.

"நான் அவ கையத்தாம்மா பிடிச்சிட்டு இருந்தேன்" என்றாள் மாரிசெல்வி. "நீ எப்ப வருவ?"

பேராச்சியிடம் டிக்கெட்டுக்கு இன்னொரு முப்பதாயிரம் இல்லை. விரலில் தோலும் இல்லை.

"பேத்தியா?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயராம் பல்லைக் காட்டினான். "பாத்தீயளா, டென்ஷன் எடுக்காதீயன்னு சொன்னேன்லா. ஸ்வீட்டு எங்க மயினி?"

பேராச்சி அவன் கைக்கு அடியிலிருந்த தன் பாஸ்போர்ட்டை இழுத்தாள். அதன் அட்டையில் அவன் விரல் ஈரம் இருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை என்று தோன்றி மறுபடியும் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கெட்டுனா மக்கா?" என்று போனில் கேட்டாள்.

"நான் விசிட் விசாங்கதால முன்பணம் கையிலயே கெட்டச் சொல்லிட்டான்மா. இவரு கையில இருந்ததெல்லாம் உன் விசாவுக்கும் இன்சூரன்ஸுக்கும் போயிட்டு. அந்த அக்காதான் கெட்டுனா. வளையலக் கழட்டி வித்துட்டு வந்து கெட்டுனா."

"எவ்வளவு?"

"மூவாயிரம் ரியால்."

ஜெயராம் யாரும் கேட்காமலே கால்குலேட்டரைத் தட்டினான். "அறுவத்தெட்டாயிரம் சொச்சம் வருது."

"அவ பேரு என்ன?"

"சைனப்."

பேராச்சி வெளியே வந்தாள். கோழிக்கடையில் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் பெயரை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சைனபுக்குக் கொடுக்க வேண்டியது மூவாயிரம் ரியால். அதை இந்த விரலால் பெல்ட் ஒட்டித்தான் அடைக்க வேண்டும், ஒரு ரியால்கூட இன்னும் சேரவில்லை.