பூ வைக்க வந்த நாளில் ஒரு பூனைப்பருந்து

கீறல் தெரியக் கூடாது என்றுதான் அமிர்தம் மகள் இளமதியின் கையில் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கியிருந்தாள். காபித் தட்டை நீட்டியபோது வளையல்கள் சரிந்தன. மாப்பிள்ளையின் அம்மா கனகாவின் கண் சரியாக அங்கேதான் போய் நின்றது.

"என்னம்மா இது? பூனையா?"

"பருந்துங்க" என்றாள் இளமதி.

அமிர்தம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நல்லூர் சாலையோரத் தரிசில், குளிர்காலம் கழிக்க வெகு தூரத்திலிருந்து வரும் பூனைப்பருந்துகள் அந்தி சாய்ந்ததும் புல்லுக்குள் இறங்கி அடையும். இளமதி அவற்றைப் பார்க்கப் போவாள். பார்க்க வந்த இன்னொருவன்தான் நிலவன். பருந்து பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்து, இன்று அவன் அம்மா பூ வைக்க வந்திருந்தாள்.

நேற்று மின்கம்பியில் அடிபட்டு ஒரு பருந்து வரப்பில் கிடந்தது. தூக்கப் போன இளமதியின் கையைக் கீறிவிட்டது. கால்நடை டாக்டர் றெக்கைக்குக் கட்டுப் போட்டார். வனத்துறை வண்டி நாளைக் காலையில்தான் வரும். அதுவரை, இளமதி வேலை செய்யும் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் அட்டைப்பெட்டியில், வைக்கோல் மேல், அது உள்ளறையில் இருந்தது. இளமதி அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"பூ வைக்கிற வூட்ல பருந்தா? ஆகவே ஆகாது" என்றாள் கனகா. "எங்க வூட்ல எத்தினி கோழிக்குஞ்ச தூக்கியிருக்கு தெரியுமா? மொதல்ல அத வெளிய போடு. அப்பறம் பூ."

"தெருவுல நாய் இருக்குதுங்களே" என்றாள் இளமதி.

"நாய்க்கும் பசிக்கும்ல!"

நிலவன் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்கு வந்தான். "இளமதி, பெட்டிய பக்கத்து வூட்ல வச்சிரு. அனுப்பிட்டோம்னு சொல்லிடலாம். ஒரு ராத்திரிதான?"

"கல்யாணத்துக்கப்பறம் நான் தரிசுக்குப் போறதையும் இப்பிடித்தான் மறைப்பீங்களா?"

அவன் டம்ளரையே பார்த்தான்.

இளமதி உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். மஞ்சள் கண்கள் எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தன. கனகா காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.

"அத்த, காலையில வண்டி வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். வருசா வருசம் இதோட கூட்டம் வரும். நானும் பாக்கப் போவேன், கல்யாணம் ஆனாலும். இதெல்லாம் தெரிஞ்சே வைக்கிறதா இருந்தா பூ வைங்க."

"அடியே!" என்றாள் அமிர்தம்.

"வாய் ரொம்ப நீளம்." கனகா பூக்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாடா, போலாம்."

நிலவன் அசையவில்லை. "நீங்க போங்கம்மா. நான் இருந்து இத வண்டியில ஏத்திவுட்டுட்டு வரேன்."

"இருக்கறதுன்னா மொதல்ல உங்கம்மாகிட்ட உண்மைய சொல்லிட்டு வந்து இருங்க" என்றாள் இளமதி. "இல்லன்னா நீங்களும் கெளம்புங்க."

அவன் முகம் சிவந்தது. அம்மாவின் பின்னாலேயே வாசலுக்குப் போனான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒளிச்சு வைக்கச் சொன்னது நான்தாம்மா. அவ மாட்டேன்னுட்டா."

"அப்ப உன்னவிட அவளே தேவலாம். ஏறுடா வண்டியில!"

"ஏறமாட்டேன்."

இளமதி வாசல் பக்கம் திரும்பவில்லை. இடுக்கியால் ஒரு துண்டு கோழிக்கறியை எடுத்து நீட்டினாள். நேற்றிலிருந்து எதையும் தொடாத பருந்து, அவள் கண்ணையே பார்த்தபடி, அதைப் பிடுங்கிக்கொண்டது.