மகனுக்காகக் கொடுத்த ரத்தம்

ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் குளிக்கப் போன இளம்பரிதியைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. சில நாள் கழித்து ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கே நன்னிலத்துப் பையன் ஒருவனும் காணாமல் போயிருந்தான். இரண்டு குடும்பமும் அது தங்கள் பிள்ளைதான் என்று அழுதன. பெற்றவர்களின் ரத்தத்தை எடுத்து டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

அக்கா செம்மொழிக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவளே அவள்தான். ஆனால் அப்பா வைரக்கண்ணு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரத்தமெல்லாம் எதுக்கு பாப்பா? அது நம்ம பயதான். காலப் பாத்தாலே தெரியுதே."

"அவங்களும் அப்படித்தானேப்பா சொல்றாங்க. உங்க புள்ளைய யாரோ கொண்டுபோயி எரிக்கட்டுமா?"

தலை சுற்றுகிறது, ஊசி என்றால் ஆகாது என்று என்னென்னவோ சொன்னார். வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளத்தில் மதகின் மேல் நின்று ஷட்டர் தூக்கிய மனுஷனுக்கு ஊசி பயமா? செம்மொழி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பிணவறைப் பக்கமே வெகுநேரம் பார்த்திருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உடல் இளம்பரிதியுடையதுதான். எரித்துக் காரியம் முடித்தார்கள்.

சம்பா நடவு முடியும் சமயத்தில் இன்ஸ்பெக்டர் ஈஸ்வரி வந்து அப்பாவை அழைத்துப் போனார்.

செம்மொழி சின்னப் பெண்ணாக இருந்தபோது, அப்பா வேலை பார்த்த வாய்க்கால் கரையில் தனியாகப் புல்லறுக்கப் போன பெண்கள் சிலர், வருஷத்துக்கு ஒருவராக, கழுத்து நெரிபட்டுச் செத்துப்போனார்கள். கொன்றவன் சிக்கவே இல்லை. கடைசியாகச் செத்த அம்சம் மட்டும் அரிவாளால் அவனை வெட்டியிருந்தாள். கரையில் கிடந்த அவளுடைய புல்லுச்சாக்கில் அவன் ரத்தம் காய்ந்திருந்தது. பழைய வழக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்த ஆய்வகத்தில், அந்தக் கறையும் வைரக்கண்ணு மகனுக்காகக் கொடுத்த ரத்தமும் ஒன்றென்று தெரிந்தது. கோர்ட்டு உத்தரவோடு மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

வாய்க்காலில் மிதந்து மதகில் சிக்கிய அம்சத்தின் உடலைத் தூக்கியவரே அப்பாதான். முழங்கையில் வெட்டுக்காயத்தோடு அன்று வந்தார். ஷட்டர் தகரம் கிழித்துவிட்டது என்றதும் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். "வைரக்கண்ணு இல்லன்னா உடம்பே கெடச்சிருக்காது" என்றது ஊர். சைக்கிளில் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும்போது அந்தக் கரையில் நிறுத்தி, "இங்க தனியா வந்துடாத பாப்பா" என்பார். எவ்வளவு பாசம் என்று செம்மொழி அவர் முதுகில் சாய்ந்துகொள்வாள்.

இப்போது சோற்றைப் பிசைந்தால் அப்பா ஊட்டிய கைதான் கண்ணில் வந்தது. கொடியில் அவர் துண்டு காற்றில் அசைந்தால் உடம்பு தூக்கிப்போட்டது. அதை எடுக்கவும் கை வரவில்லை. அவள் வேலை பார்த்த அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துபோனது.

ஒருநாள் அம்சத்தின் மகள் செந்தாமரை வந்து வாசலில் நின்றாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று செம்மொழி தலைகுனிந்து நின்றாள்.

"அவரப் பாக்கப் போவியா?" என்று கேட்டாள் செந்தாமரை.

"தெரியல."

"போனா ஒண்ணு கேட்டுட்டு வா. எங்கம்மா கடைசியா என்ன சொன்னுச்சு? எம் பேரச் சொன்னுச்சா?"

அதற்காகத்தான் செம்மொழி திருச்சி ஜெயிலுக்குப் போனாள். கம்பி வலைக்குப் பின்னால் அப்பா இளைத்துப்போயிருந்தார். கேள்வியைச் சொன்னாள்.

"அம்சம்..." என்று யோசித்தவர் முழங்கைத் தழும்பைத் தடவினார். "இத வெட்டுனதா? என்ன சொன்னுச்சோ. நெனப்பில்ல பாப்பா."

செம்மொழி எழுந்துவிட்டாள். ஆனாலும் கேட்காமல் போக முடியவில்லை.

"அன்னைக்கு ரத்தம் குடுத்தா மாட்டிக்குவோம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். உள்ள கெடந்தது எம்புள்ளயாச்சே."

"செத்தவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதானேப்பா."

புரியாத பாஷையைக் கேட்டவர்போல அவர் அவளையே பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். உன் பேரைச் சொல்லித்தான் அழுதுச்சாம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருக்கும். செந்தாமரை வீட்டுக் கதவைத் தட்டியபோதுகூடப் பொய் நாக்கில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லையாம்."

செந்தாமரை நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, அம்மா, அம்மா என்று சிறுபிள்ளைபோல் அழுதாள். செம்மொழி வாசலிலேயே நின்றாள். அவளை யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.